கன்றுக்குட்டிக்குக் கஞ்சி

மழை பொய்த்து, வைகை மணலில் ஆளுயரத்துக்கு ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தோமே, அந்த வருஷத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். திருநகர்த் தெருக்களுக்குத் தண்ணீர் லாரி வந்ததும், லாரிக்குப் பின்னாலேயே நாம் குடத்தோடு ஓடியதும் அப்போதுதான். கண்மாய் வெடித்து, வெடிப்புக்குள் கை விட்டால் முழங்கை வரைக்கும் போனது. நான் சொல்லப்போவது அந்த வருஷம் தையிலிருந்து சித்திரை வரைக்கும் நடந்த விஷயம்.

போன வாரம் டீக்கடை பெஞ்சில் நம்மில் ஒருவர், “என்ன இருந்தாலும் மாப்ள, கரண்ட் குக்கர் வந்தப்புறந்தான் பொம்பளைக நிம்மதியா இருக்காளுக” என்றார். நான் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். “அண்ணனுக்கு என்ன கோவம்? சீனி தூக்கலாயிருச்சோ?” என்று பின்னால் சிரித்தீர்கள். காதில் விழுந்தது. அதற்குத்தான் இது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவளும் அந்தக் குக்கரில்தான் சோறாக்குகிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று முதலிலேயே எழுதச் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடு திருநகருக்கு மேற்கே, கண்மாய்க் கரைக்குக் கீழே. பத்துப் பன்னிரண்டு ஓலை வீடுகள். அப்பா கொட்டாம்பட்டிப் பக்கம் கிணறு வெட்டப் போயிருந்தார். மழை இல்லாததால் ஊர் ஊராகக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தண்ணீரும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை. வீட்டில் அம்மா, நான், நாலு வயசுத் தங்கச்சி. அம்மா தன் கம்மலை விற்று வாங்கிய ஒரு செவலைக் கன்றுக்குட்டி.

அம்மா திருநகரில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். பாத்திரம், வாசல், துணி. அந்த வீட்டுக்காரர் ஆபீஸ் உத்தியோகம். நாங்கள் சார் என்போம். அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். டீச்சரம்மா. அடுப்படி வாசற்படி வரைக்கும்தான் அம்மா போகலாம். படிக்கு அந்தப் பக்கம் காலை வைத்ததில்லை. பாத்திரத்தைக் கழுவிப் படிக்கு வெளியே கவிழ்த்து வைப்பாள். டீச்சரம்மா அதன் மேல் இன்னொரு தரம் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துக்கொள்வார். அம்மா அதைப் பார்க்காத மாதிரி புடவை முந்தியை இழுத்துச் செருகிக்கொள்வாள்.

காலையில் அந்த வீட்டில் சோறு வடிப்பார்கள். புழுங்கலரிசிச் சோறு. பானையைத் தட்டால் மூடிச் சாய்த்தால் கஞ்சி கொழகொழவென்று இறங்கும். அந்த வாசம் பின்வாசல் முருங்கை மரம் வரைக்கும் வரும். டீச்சரம்மா படிக்கு உள்ளே நின்றபடி, அம்மா நீட்டும் தூக்குச்சட்டியில் உயரத்திலிருந்து ஊற்றுவார். சட்டியும் சட்டியும் இடிக்கக் கூடாது. கன்றுக்குட்டிக்கு என்று சொல்லித்தான் அம்மா வாங்கினாள். கன்றுக்குட்டிக்குத்தான் வைத்தாள். முதலில்.

பொங்கல் கழிந்த மறு வாரம் அது செத்துப்போனது. புல் இல்லை, கண்டதைத் தின்று வயிறு ஊதி, ஒரு பகல் முழுக்கக் காலை உதைத்துக்கொண்டே கிடந்தது. இரண்டு ஆட்கள் வந்து கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். தங்கச்சி பின்னாலேயே ஓடினாள். அம்மா அழவில்லை. முளைக்குச்சியையும் கயிற்றையும் அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போலத் தூக்குச்சட்டியை எடுத்தாள்.

“அம்மா, அதான் செத்துப்போச்சுல்ல?” என்றேன்.

“நீ சாகலைல்ல? பேசாம வா.”

அன்றிலிருந்து அந்தக் கஞ்சி எங்களுக்கு. சூடு ஆறினால் மேலே ஆடை படியும். அதைத் தங்கச்சி விரலால் சுருட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள். அடியில் பத்துப் பதினைந்து பருக்கை கிடக்கும். அது எனக்கு. அம்மா எங்களுக்குப் பின்னால் குடித்தாள். மத்தியானத்துக்கும் சேர்த்து அதுதான். சாயங்காலம் ஏதாவது கேப்பையோ கிழங்கோ கிடைத்தால் உண்டு. நம்மில் பலபேர் வீட்டிலும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. யாரும் வாய் விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

‘எங்களுக்குக் கஞ்சி குடுங்க’ என்று அம்மா ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேட்கிற ஆள் யாராவது இருந்தால் அவருக்குச் சொல்கிறேன். மாட்டுக்கு என்று கேட்டால் அவள் மாடு வளர்க்கிறவள். பிள்ளைக்கு என்று கேட்டால் வேறு. அந்த வேறு ஆளாக ஆகக் கூடாது என்றுதான் அவள் விடிவதற்குள் எழுந்து ஓடினாள்.

மாசி மாதம் சாருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தார். பெட்டியிலிருந்து சென்ட், டார்ச் லைட், நைலக்ஸ் சேலை, அப்புறம் அந்தக் குக்கர். வெள்ளை நிறம். வயிற்றில் ஒரு பச்சைப் பூ. கண்ணாடி மூடி. முன்னால் ஒரு சின்னக் கட்டை. அதைக் கீழே தட்டினால் சிவப்பு விளக்கு எரியும். சோறு வெந்ததும் டக்கென்று தானே மேலே எழும்பும். தெருவே வந்து பார்த்தது. நானும் முருங்கை மரத்தடியிலிருந்து எக்கிப் பார்த்தேன். சோறு வேகிறதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டக்கென்று கட்டை எழும்பியதும் எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா படிக்கு வெளியே தூக்குச்சட்டியோடு நின்றாள்.

“கஞ்சிங்க டீச்சரம்மா?”

பதில் சொன்னது சார். “கஞ்சியா? இதுல கஞ்சியே வராது. எல்லாத்தையும் சோத்துக்குள்ளயே இழுத்துக்கிரும். சத்து வீணாகக் கூடாதுன்னு ஜப்பான்காரன் செஞ்சிருக்கான். இம்புட்டு நாளும் சத்தையெல்லாம் உன் மாட்டுக்கு ஊத்திட்டு நாங்க சக்கையைத் தின்னுருக்கோம்!”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சார் மோசமானவர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மறுநாள் ஒரு அரை மூட்டைத் தவிடு வாங்கிப் போட்டு, “மாட்டுக்கு இதை வையி. பால் கறக்குறப்ப எங்களுக்கு ஊத்தாமயா போயிருவ?” என்றார். அம்மா அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். நாலு மைல் சுமந்த மாதிரி முகம். வீட்டில் இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கொஞ்சம் சலித்து, தண்ணீரில் கிண்டி, எங்களுக்குக் கொடுத்தாள். நான் விழுங்கினேன். தங்கச்சி அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மாட்டுத் தவிட்டை என் தங்கச்சி தின்றாள். எழுதும்மா, ஏன் நிறுத்துகிறாய்? எழுது.

நாலைந்து நாள் போனது. ஒரு காலையில் டீச்சரம்மா அம்மாவை அடுப்படிக்குள் கூப்பிட்டார். அம்மாவுக்குப் புரியவில்லை. படியிலேயே நின்றாள்.

“உள்ள வா. அரிசியைக் களைஞ்சு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி, இந்தக் கட்டையைத் தட்டு. அம்புட்டுதான். நான் குளிச்சிட்டு வாரேன். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு.”

“நான் எப்படிங்க டீச்சரம்மா அடுப்பு…”

“இது அடுப்பு இல்ல. மெஷினுதான சமைக்குது, நீயா சமைக்கிற?”

எத்தனை வருஷமாகத் தாண்டாத படியை ஒரு கட்டை தாண்ட வைத்தது. தீயைத் தொட்டால் குற்றம், சுவிட்சைத் தொட்டால் இல்லை. யார் எழுதி வைத்த சட்டமோ. அம்மா காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் சொன்னபடி செய்தாள். மூன்றாம் நாள், கோட்டுக்கு மேல் இரண்டு டம்ளர் தண்ணீர் கூட ஊற்றினாள். நான் பின்வாசலில் நின்றேன். குளியலறைக் கதவு திறந்தால் தண்ணீர் வாளியை உதைத்துச் சத்தம் கொடுக்க வேண்டியது என் வேலை. சோறு முக்கால் வேக்காடு வந்ததும், மூடியைத் திறந்து, உள்பானையைத் துணியால் பிடித்து எடுத்து, தட்டை வைத்துச் சாய்த்து, தூக்குச்சட்டியில் கஞ்சியை வடித்தாள். பானையின் அடியை முந்தியால் துடைத்தாள். திரும்ப உள்ளே வைத்து மூடினாள். கொஞ்ச நேரத்தில் கட்டை டக்கென்று எழும்பியது. ஜப்பான்காரன் செய்த மெஷினில் கஞ்சி வடித்த பொம்பளை திருநகரிலேயே என் அம்மா ஒருத்திதான். அன்றைக்கு நாங்கள் திரும்பக் கஞ்சி குடித்தோம்.

இதில் ஒரு வேடிக்கை. கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி வைத்தால் நம் புழுங்கலரிசி களி மாதிரிக் குழைந்துவிடும். அம்மா வடித்த நாளில் உதிரி உதிரியாக வந்தது. சாருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீஸ்காரர்களை வாரநாளில் கூட்டிவந்து சாப்பாடு போட்டார்.

“பாருங்க, ஒரு பருக்கை ஒட்டுதா? மல்லிகைப்பூ மாதிரி இல்ல?”

“ஆமாண்ணே! நம்ம வீட்லயும் ஒண்ணு வாங்கணும்ணே.”

ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மாவே வைப்பார். அன்றைக்கு மட்டும் குழைந்துவிடும். சார் யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தார். “ஞாயித்துக்கிழமை மில்லுக்கெல்லாம் லீவு. கரண்ட் ஜாஸ்தி வருது. அதான் குழையுது.” தெருவில் எல்லாருக்கும் இதை விளக்கினார். நாலு வீடு தள்ளி இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் இட்லிகூட கனமாக வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். கன்று செத்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அந்த ஒரு மாதம் எங்களுக்கு நல்ல மாதம்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள். அம்மா பானையைச் சாய்த்துக்கொண்டிருக்கிறாள். டீச்சரம்மா குளித்துக்கொண்டிருக்கிறார். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சார் சவரம் பண்ண வெந்நீர் கேட்டுக்கொண்டு, முன்வாசல் பக்கமிருந்து அடுப்படிக்கு வந்தார். அந்த நேரத்தில் அவர் ஒரு நாளும் அங்கே வந்ததில்லை. செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா பானையின் அடியைத் துடைக்காமல் அவசரமாக உள்ளே வைத்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். பட்டென்று வெடித்தது. கூடத்தில் விசிறி நின்றது. ரப்பர் கருகின நாற்றம்.

“என்னடி பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணலைங்க சாரு. தானா…”

சார் குக்கரைத் தூக்கிக்கொண்டு ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவரிடம் போனார். அவர் சாயங்காலம் கழற்றிய தகட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதில் கஞ்சி காய்ந்து அடை அடையாக, பழுப்பு நிறத்தில் ஒட்டியிருந்தது. எவ்வளவு துடைத்தும் அம்மாவுக்குத் தெரியாமல் தினமும் ரெண்டு சொட்டு வழிந்திருக்கிறது.

“சார், இது ஒரு நாள்ல ஆனது இல்ல. தினம் யாரோ இதுல கஞ்சி வடிச்சிருக்காங்க.”

“குக்கர்லயா? கஞ்சியா?”

“ஆமா சார். இந்த மாதிரிக் கூத்தை நான் பாத்ததே இல்ல.”

அம்மாவைக் கூப்பிட்டார்கள். மறைக்கவில்லை அவள். “மாட்டுக்குங்க” என்றாள்.

“தவுடு குடுத்தேன்ல?”

“அது… கஞ்சிதாங்க குடிக்குது.”

“அப்படிப்பட்ட மகாராசன் வீட்டு மாட்டை நான் பாக்கணுமே. டேய், வண்டியில ஏறு.”

என்னை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டார். இப்போது சொல்லவே கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். அதுதான் நான் முதன்முதலாக ஸ்கூட்டரில் போனது. காற்று முகத்தில் அடித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்து வந்ததும், “இப்படித் திரும்புங்க சார், இப்படி, இப்படி” என்று நானே கையை நீட்டி வழி காட்டினேன். அம்மா பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டு முன்னால் முளைக்குச்சி இருந்தது. கயிறு இருந்தது. தவிட்டு மூட்டை மூலையில் இருந்தது. அக்கம்பக்கம் கூடிவிட்டது.

“எங்கடா கன்னுக்குட்டி?”

“செத்துப்போச்சு சார்.”

“எப்ப?”

“பொங்கல் முடிஞ்சு.”

சார் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். அப்போதுதான் அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

“அப்ப இம்புட்டு நாளும் எங்க வீட்டுக் கஞ்சிய எந்த மாடுடா குடிச்சுச்சு?”

வாசலில் உட்கார்ந்திருந்த தங்கச்சி, ஏதோ நல்ல காரியத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்துக் கையைத் தூக்கினாள்.

“நானு! நானும் அண்ணனும்!”

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சார் சிரிக்கவில்லை. அவர் முகம் ஒரு நிமிஷம் மாறியது. அந்த ஒரு நிமிஷத்தோடு அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் நான் இன்றைக்கு அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. குக்கர் போய்விட்டது. அவர் குரலை உயர்த்தினார்.

“வாயத் தெறந்து கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோமா? பொய் சொல்லித் திங்கணுமா? கஞ்சிக்கே இந்தப் பொய்யினா, அரிசியில எம்புட்டு அள்ளுனியோ!”

“ஒரு மணி அரிசி எடுக்கலைங்க. என் பிள்ளைக மேல சத்தியமா எடுக்கலைங்க.”

“செத்த மாட்டுக்குக் கஞ்சி வாங்குனவ சத்தியத்தை யாரு நம்புறது?”

கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். இந்த வார்த்தையைத்தான் நான் ஐம்பது வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். அந்தத் தெருவே அதைத்தான் சொன்னது. எதிர் வீடு சொன்னது, தண்ணீர் லாரிக்காரன்கூடச் சொன்னான். எங்கள் சந்துக்காரர்களும் சொன்னார்கள். கொடுக்கிற கை எல்லாம், கேட்டால்தான் நீளுமாம். வாசலில் ஒரு பொம்பளை மூணு மாதமாக இளைத்துக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரியாதாம். காது மட்டும் கேட்குமாம்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தை மாதத்திலிருந்து டீச்சரம்மா ஊற்றிய கஞ்சியில் உப்பு இருந்தது. நாங்கள் குடிக்க ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று நாள் இருந்ததில்லை. ‘இன்னைக்கு ருசியா இருக்கும்மா’ என்று நான்தான் சொன்னேன். அப்போது எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. எனக்கே பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்குக் கஞ்சி ஆற்றும்போதுதான் ஒரு நாள் உறைத்தது. மாட்டுக்கு வைக்கிற கஞ்சியில் யார் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுப்பார்கள்? அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கிறது. அஞ்சு நிமிஷத்தில் குளித்து முடிக்கிறவர், குக்கரை அம்மா கையில் கொடுத்த பிறகு அரை மணி நேரம் குளித்தாரே, அதுவும் தெரிந்துதான்.

இது தெரிந்தபோது எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு மடங்கு எரிந்தது. ஏனென்றால் மறுநாள் அம்மா அந்த வீட்டுக்குப் போனாள். தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்க. அது அவர்கள் கொடுத்த சட்டி. சார் திண்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டு, “அரிசித் திருடி வந்திருக்கா, சட்டிய எண்ணி வாங்கு” என்றார். டீச்சரம்மா அடுப்படி வாசற்படியில் நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சிப் பார்க்கவில்லை, சும்மா பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். ‘எனக்குத் தெரியும்ங்க, நான்தான் வடிச்சுக்கச் சொன்னேன்’ என்று ஒரே ஒரு பொய். எங்களுக்காக ஒரு மாதம் ஊமைப் பொய் சொன்னவருக்கு இந்த ஒரு பொய்க்கு வாய் வரவில்லை. சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அம்மா கழுவித்தான் கொடுத்திருந்தாள். உள்ளே தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

பிறகு திருநகரில் யாரும் அம்மாவை வேலைக்கு வைக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டுச் செங்கல் சூளைக்குப் போனேன். அம்மாவும் அங்கேதான் வந்தாள். எங்கள் சந்தில் எவளுக்காவது எவளோடாவது சண்டை வந்தால், ‘செத்த மாட்டுக்குக் கஞ்சி வாங்குனவதான நீ’ என்பார்கள், அம்மா அந்தச் சண்டையிலேயே இல்லாவிட்டாலும். சாகிற வரைக்கும் அந்தப் பெயர் போகவில்லை. இழவு வீட்டிலும் ஒரு கிழவி அதைச் சொல்லித்தான் மற்றவர்களுக்கு அவளை அடையாளம் காட்டினாள்.

சார் போய்ச் சேர்ந்துவிட்டார். டீச்சரம்மா கே.கே. நகரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். நினைவு நன்றாக இருக்கிறதாம். நான் போக மாட்டேன். போனால் வாசலில் நின்று என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. உங்களில் ஒருவர் வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கோ வேலைக்கோ போகிறதாகக் கேள்வி. அவனிடம் சொல்லி அனுப்புங்கள். மரியாதையாகவே சொல்லட்டும். அந்தப் பொம்பளை உங்கள் வீட்டில் ஒரு மணி அரிசி எடுக்கவில்லை, அது உங்களுக்கே தெரியும், உங்கள் தெருவில் மிச்சம் இருக்கிறவர்களிடம் அதை உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள் என்று சொல்லட்டும். அவள் சாகிற வரைக்கும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை, திட்டுகிறது அவள் மகன்தான் என்றும் சொல்லட்டும்.